போட்டாச்சு, அளந்தாச்சு

"பெரிய சைஸுக்கு மாறிட்டேன் மேடம். அதுல பொம்மைக்கு மூஞ்சி தெரியுது பாருங்க"ன்னு எங்ககூட விளையாடிக்கினு இருந்த காலேஜ் வாத்தியார் சொன்னப்போ என் கையில சூடா டீ இருந்துச்சு. விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு, சாயங்காலக் கூட்டம், தெரிஞ்சவங்க நாலு பேர் நிக்கற எடம். அதனால தப்பிச்சாரு. பல்லைக் கடிச்சிக்கினு சிரிச்சு வெச்சேன்.

மூஞ்சி எதுக்குய்யா வேணும்? பொம்மைக்குப் பொண்ணு பார்க்கப் போறியா?

எங்க விளையாட்டு, மேஜை மேல பொம்மைப் பட்டாளம் வெச்சு ஆடற யுத்தம். அதுல ஆளுங்க ரொம்பப் பொடிசு. சுண்டுவிரல் நகத்து மேல நாலு சிப்பாய நிக்க வெக்கலாம். ஒரு டாங்கி புளியங்கொட்டை அளவு. மனுஷன் உள்ள உக்காந்து ஓட்டற ராட்சச மெஷின் ஒண்ணு உண்டு, அது மட்டும் கட்டைவிரல் ஒசரம். கதை என்னன்னா, இன்னும் ஆயிரம் வருஷம் கழிச்சு ஏதோ ஒரு கிரகத்துல ரெண்டு பட்டாளம் தண்ணிக்காக அடிச்சிக்கிது. பலகை மேல மலை, ரோடு, இடிஞ்ச கட்டடம் எல்லாம் வெச்சு, பட்டாளத்தை நிறுத்தி, டைலர் டேப்பால அளந்து நகர்த்தணும், பகடை உருட்டிச் சுடணும். பொடிசா இருக்கறதாலதான் ஒரு முழு யுத்தமும் ஒரு மேஜையில அடங்குது. மூஞ்சி தெரியற பொம்மையில இருபது பேரை நிறுத்தினா மேஜை ரொம்பிடும். அது யுத்தமா? தெருவுல தண்ணி லாரி வந்தா நடக்கற சண்டை.

நான் பல் செட்டு செய்யற லேபுல வேலை பார்க்கிறவ. பொய்ப்பல்லுக்கு நிறம் சேர்க்கறதுதான் பொழப்பு. வெத்தலை போடற பெரியவருக்கு வெள்ளைவெளேர்னு ஒரு பல்லு வெச்சா ஊரே சிரிக்கும். பக்கத்துப் பல்லுல இருக்கற கறையையும் சேர்த்து வரையணும். அதே பிரஷ்ஷாலதான் என் பட்டாளத்துக்குப் பெயிண்ட் அடிச்சேன். லென்ஸு வெச்சுப் பார்த்தா சிப்பாய் இடுப்புல தொங்கற தண்ணிக் குப்பிகூடத் தெரியும். லேபுல மீந்து போன பிளாஸ்டர்ல மலை ஊத்துவேன். மூஞ்சி தெரியலையாம். உனக்குக் கண்ணு தெரியலைன்னு சொல்லு, ஒத்துக்கறேன்.

இந்த விளையாட்டை எங்க பக்கத்துக்குக் கொண்டுக்கினு வந்தது எங்க அண்ணன். அவனைப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லச் சொன்னா அது இதுதான், இதோட சரக்கு தீர்ந்துச்சு. சிங்கப்பூர்ல கப்பல் கட்டற எடத்துல வெல்டிங் வேலை பார்த்தான். கூடத் தங்கியிருந்த எவனோ சொல்லிக் குடுத்திருக்கான். திரும்பி வந்தப்போ வீட்டுல எல்லாருக்கும் சோப்பு, செண்டு, தைலம். எனக்கு மட்டும் ஒரு தகர டப்பா நிறைய பெயிண்ட் அடிக்காத பட்டாளம். "இதுக்கெல்லாம் நீதான் லாயக்கு"ன்னான். அப்புறம் திண்டிவனத்துல டூ வீலர் மெக்கானிக் கடை போட்டான். நான் கல்யாணம் ஆகி விழுப்புரம் போனேன். ஞாயித்துக்கிழமையானா ரெண்டு பேரும் எங்கியாவது மேஜை தேடுவோம்.

கொஞ்ச நாள்ல ஆள் சேர்ந்துச்சு. விழுப்புரத்துல ஒரு கல்யாண மண்டபத்து மேனேஜர் எங்ககிட்ட மாட்டினாரு. மனுஷன் கணக்கு வழக்குல புலி, யுத்தத்துல எலி. ஆனா மண்டபம் அவர் கையில இருந்துச்சு. ஆடியில முகூர்த்தம் கெடையாது, புரட்டாசியில கெடையாது, மார்கழியில கெடையாது. அந்த மாசத்துல எல்லாம் சாப்பாட்டு ஹால் எங்களுது. பந்தி மேஜையை வரிசையாப் போட்டு, அதுமேல பேப்பர் ரோலை விரிச்சு, அதுலயே ஆறும் ரோடும் வரைவோம். ஊருக்கே ஆகாத மாசம் எங்களுக்குத் திருவிழா. சிப்பாய்க்குக் கட்டளை போடற சீட்டுகூட மீந்து போன கல்யாணப் பத்திரிகையில வெட்டினதுதான். "போ", "சுடு", "பதுங்கு"ன்னு எழுதி, ஒவ்வொரு படைக்குப் பக்கத்துலயும் சீட்டைக் கவுத்து வெக்கணும். அப்புறம் ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல திருப்பணும். எதிராளி மனசுல என்ன இருந்துச்சுன்னு அப்பத்தான் தெரியும்.

காலேஜ் வாத்தியார், ரயில்வேயில சிக்னல் பார்க்கிறவர், முண்டியம்பாக்கத்துல டாக்டருக்குப் படிச்சிக்கினு இருந்த ஒருத்தன், பேங்க்கு கிளார்க்கு ஒருத்தர்னு நல்லாத்தான் இருந்துச்சு. நான் ஒருத்திதான் பொம்பளை. ஆரம்பத்துல எல்லாருக்கும் கொஞ்சம் இளக்காரம். மொத ஆடியிலயே அத்தனை பேரையும் வரிசையாத் தோக்கடிச்சேன். அப்புறம் "மேடம், மேடம்"தான்.

எல்லாம் நாசமாப் போனது எப்படின்னு கேட்டா, ஒருத்தன் கழுத்தைப் பிடிக்க முடியாது, அதுதான் என் வயித்தெரிச்சல். விளையாட்டைத் தயார் பண்ணின வெளிநாட்டுக் கம்பெனி, சின்ன பொம்மையை நிறுத்திட்டு பெரிய பொம்மைக்குப் போயிட்டான். பெரிய பொம்மைக்குப் பெரிய விலை வெக்கலாம் பாரு. வாத்தியார் பின்னாடியே ஓடினாரு. டாக்டருக்குப் படிச்சவன் டாக்டராயிட்டான், இப்போ பார்த்தா தலையாட்டறதோட சரி. பேங்க்குக்காரருக்கு ஒசூருக்கு மாத்தல். சிக்னல்காரர் போன்ல ஏதோ வெடிச்சிக்கினே இருக்கற விளையாட்டு ஆடறாரு. "இதுல உடனே அடுத்த ஆள் கெடைக்கிறான் மேடம், ஜல்தி ஜல்தியா ஆடலாம்"னாரு. உடனே கெடைக்கிறவனுக்கு என்ன மரியாதை? ஒரு ஆளுக்காக நான் ஒரு வாரம் காத்துக்கினு இருப்பேன், தெரியுமா? அதுல ஒரு சொகம் இருந்துச்சு. அது இவங்களுக்கு எங்க தெரியப் போவுது! கடைசியில மண்டபத்தையே இடிச்சுட்டு துணிக்கடை கட்டிட்டாங்க. மேனேஜர் மகன் வீட்டோட கோயம்புத்தூர் போயிட்டாரு. போகும்போது பகடையை என்கிட்ட குடுத்துட்டு, "நீங்களாவது நடத்துங்க"ன்னாரு. நடத்தறதுக்கு இதென்ன சீட்டுக் கம்பெனியா? எதிர்ல உக்கார ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான். அந்த ஒரு ஆள் யாருன்னா எங்க அண்ணன். எங்களுக்குள்ள பேச்சு இல்ல.

அதைச் சொல்லிடறேன். மண்டபம் இருந்த காலத்துலயே எங்க அப்பா போயிட்டாரு, திண்டிவனத்துல, அண்ணன் வீட்டுல. நான் அன்னைக்கு மெட்ராஸ்ல இருந்தேன். லேபுக்கு வந்த புது மெஷினை ஓட்டக் கத்துக்கறதுக்கு அனுப்பியிருந்தாங்க. மத்தியானம் போன் வந்துச்சு. கெடைச்ச பஸ்ஸுல ஏறினேன். செங்கல்பட்டுல வண்டி நகரலை. மேல்மருவத்தூர் தாண்டும்போது வீட்டுக்குப் போன் பண்ணி, "வந்துக்கினே இருக்கேன், எடுத்துடாதீங்க"ன்னு கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்துச்சு. போனை யாரு எடுத்தாங்கன்னு தெரியலை, "சரிம்மா, சரிம்மா"ன்னு ஒரு ஆம்பளைக் குரல். அதுக்கப்புறம் அண்ணனுக்குப் போட்டா எடுக்கலை. திண்டிவனத்துல எறங்கி ஆட்டோ பிடிச்சு தெருமுனைக்கு வந்தப்போ ரோடெல்லாம் சாமந்திப் பூ. ஆட்டோ அதுமேலதான் ஏறிப் போச்சு. வாசல்ல அண்ணி வாளியோட நின்னு வீட்டைக் கழுவி விட்டுக்கினு இருந்தாங்க.

பெத்த பொண்ணு நான் ஒரு பிடி வாய்க்கரிசி போடலை. ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் பொறுத்திருந்தா வந்திருப்பேன். சுடுகாட்டுலேருந்து தலையில தண்ணி ஊத்திக்கினு வந்த அண்ணன் என் மூஞ்சியைப் பார்க்காம கொல்லைப் பக்கம் போயிட்டான். ஒரு வார்த்தை சொல்லலை. அன்னைக்கு நிறுத்தினதுதான் பேச்சை. அவனும் வந்து கேக்கலை.

ஆனா விளையாட்டை ரெண்டு பேரும் விடலை. மண்டபத்துல எதிரும் புதிருமா உக்காருவோம். "அவங்க டாங்கி மலைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு கேட்டுச் சொல்லுங்க சார்"னு நான் மேனேஜர்கிட்ட சொல்லுவேன். என் கைக்கெட்டற தூரத்துல உக்காந்துக்கினு அவன், "பாதி அந்தப் பக்கம்னு சொல்லுங்க சார்"ம்பான். மேனேஜர் தலையில கையை வெச்சிக்குவாரு. "நான் என்ன போஸ்ட்மேனா? பேஜாராப் போச்சுய்யா உங்களோட"ன்னு பொலம்புவாரு. சிரிப்பாங்க எல்லாரும். எனக்குச் சிரிப்பு வந்ததில்ல.

ஒவ்வொருத்தனாக் கழண்டப்போ மத்தவங்களுக்குப் போனது ஒரு பொழுதுபோக்கு. எனக்குப் போனது நடுவுல பேசற ஆளு. மண்டபத்தை இடிச்ச வருஷம் ஆடி பொறந்தும் எங்கியும் போகாம வீட்டுல உக்காந்திருந்தேன். வீட்டுக்காரர், "ஒழிஞ்சுது சனியன்"னு சந்தோஷப்பட்டாரு. அப்போ அண்ணிகிட்டேருந்து போன்.

"கடைக்குப் பின்னாடி ரூம்ல ஒரு மேஜை போட்டிருக்காம். ஞாயித்துக்கிழமை கடை லீவாம்."

"யாருகிட்ட சொல்லச் சொன்னாரு?"

"எனக்கென்னம்மா தெரியும். செவுத்தைப் பார்த்து சொன்னாரு."

போகக் கூடாதுன்னுதான் இருந்தேன். சத்தியமா. ஞாயித்துக்கிழமை காலையில பட்டாளப் பெட்டியோட கூட்டேரிப்பட்டு தாண்டும்போது, "வெக்கங்கெட்ட ஜென்மம்"னு என்னை நானே திட்டிக்கினு போனேன்.

பின்னாடி ரூம்ல ஆயில் நாத்தம், டியூப் லைட்டு, ஒரு டேபிள் ஃபேன். காத்துக்கு சீட்டு பறக்கும், அதனால ஒவ்வொரு சீட்டு மேலயும் ஒரு நட்டு வெச்சிருப்பான். ஆட்டம் ஆரம்பிச்சா பேசாம முடியுமா? அளக்கணும், எண்ணணும், தகராறு பண்ணணும். நடுவுல ஆள் கெடையாது. எங்களுக்கு ஒரு பாஷை உண்டாச்சு. "போட்டாச்சு"ன்னு அவன் சொல்லுவான். "அளந்தாச்சு"ன்னு நான் சொல்லுவேன். "சுட்டாச்சு." "செத்தாச்சு." "டீ வந்தாச்சு." யாரு போட்டா, யாருக்குச் சொல்றான், ஒண்ணும் கெடையாது. நீயும் இல்ல, நானும் இல்ல, அண்ணனும் இல்ல, தங்கச்சியும் இல்ல. எல்லாம் தானா ஆச்சு. யாரும் செய்யாமலே எல்லாம் நடக்கற மாதிரி நம்ம பாஷையில வசதி இருக்குது பாரு, அதை எங்களை மாதிரி உபயோகப்படுத்தினவங்க இந்த ஜில்லாவுலயே இருக்க மாட்டாங்க.

அப்படியே வருஷம் ஓடிச்சு. அவன் எதிர்ல நான்னு ஒருத்தி வந்து உக்காந்து எழுந்து போவா, அவ்வளவுதான் ஒறவு. ஆனா அவனுக்கு முழங்கால் வலின்னு அவன் எழுந்திருக்கற விதத்துல தெரிஞ்சுக்குவேன். எனக்கு லேபுல வேலை அதிகம்னா பெயிண்ட் அடிக்காத டாங்கியைப் பார்த்து அவன் தெரிஞ்சுக்குவான். ஒருநாள் என் கண்ணு செவந்து கெடந்தப்போ, டேபிள் ஃபேனை எழுந்து வந்து என் பக்கம் திருப்பி வெச்சுட்டுப் போனான். எனக்கு அவன் மேல இருக்கற ஆத்திரம் ஒரு சொட்டு கொறையலை. ஆனா இந்த விளையாட்டு நின்னுச்சுன்னா அவனைப் பார்க்க எனக்கு வேற வழி கெடையாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். அதனாலதான் கம்பெனிக்காரன் மேல, வாத்தியார் மேல, சிக்னல்காரர் மேல அவ்வளவு வெறி. அவங்க விளையாட்டை விட்டுட்டு வேற விளையாட்டுக்குப் போனாங்க. எனக்குப் போக எடம் எங்க இருக்கு?

இந்த வருஷம் புரட்டாசியில அண்ணி மறுபடியும் போன் பண்ணாங்க. கரண்டு ஸ்கூட்டர் சர்வீஸ் பண்ற ஏஜென்சி கெடைச்சிருக்குதாம். பேட்டரி சார்ஜ் போட பின்னாடி ரூம் வேணுமாம். ஆயுத பூஜை முடிஞ்சதும் மேஜையை எடுத்துடுவாங்களாம். "உன் சாமானை வந்து எடுத்துக்கினு போம்மா, அங்க இங்க வெச்சா ஒடஞ்சிடப் போவுது"ன்னாங்க. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை கொட்டற மழைன்னு பெட்டியை அங்கியே வெச்சுட்டு வந்திருந்தேன்.

"செவுத்தைப் பார்த்து சொன்னாரா?"

"இல்ல. இதை என்னையே சொல்லிடச் சொன்னாரு."

செவுத்தைப் பார்த்துச் சொல்லக்கூட அவனுக்கு மனசு வரலையாம். எக்கேடோ கெட்டுப் போன்னு நெனைச்சேன். பட்டாளத்தை எடுத்துக்கினு வந்துட வேண்டியது, அதோட திண்டிவனத்துப் பக்கமே தலை வெச்சுப் படுக்கறதில்லன்னு முடிவு பண்ணேன்.

ஆயுத பூஜை அன்னைக்கே போனேன். பஸ் முகப்புல வாழைக்கன்னு கட்டியிருந்துச்சு, ஸ்டியரிங்குக்கு மாலை, டிரைவர் நெத்தி நிறைய விபூதி. கடைக்குப் போனா வாசல்ல பூசணிக்காய் உடைச்சுச் செதறிக் கெடக்குது. கழுவின ஸ்பேனர் எல்லாம் பெருசுலேருந்து சின்னது வரைக்கும் வரிசையா வாழை எலையில. கம்ப்ரஸருக்குச் சந்தனம், வெல்டிங் மெஷினுக்குச் சந்தனம், காத்தடிக்கிற பம்புக்குச் சந்தனம். அவன் ஸ்டூல்ல உக்காந்திருந்தான். என்னைப் பார்த்தான், உடனே பார்வையைக் கீழ போட்டான். அண்ணி, "வாம்மா"ன்னு பொரியைக் கையில குடுத்தாங்க. நான் நேரா பின்னாடி ரூமுக்குப் போனேன்.

மேஜை மேல என் பட்டாளம் நின்னுக்கினு இருந்துச்சு. பெட்டியிலேருந்து எடுத்து, படை படையா அணிவகுத்து நிக்க வெச்சிருந்துச்சு. ஒவ்வொரு டாங்கிக்கும் ஒரு சந்தனப் பொட்டு, அதுமேல ஒரு குங்குமம். ராட்சச மெஷினுக்கு மூணு பட்டையா விபூதி. சரி, அதுகூடப் போவுது. சிப்பாய்! நகத்து மேல நாலு பேர் நிக்கற சிப்பாய்! ஒவ்வொருத்தனுக்கும் ஊசி முனையளவு ஒரு சந்தனம், ஒரு குங்குமம். குங்குமம் பெயிண்டுல ஊறி, கழுத்து வரைக்கும் செவப்பா எறங்கியிருந்துச்சு. எத்தனை வருஷத்து வேலை. தண்ணிக் குப்பி, தோள் பட்டை, துப்பாக்கி வாரு, எல்லாம் போச்சு.

"அண்ணி! யாரு பண்ணினது இதை?"ன்னு கத்தினேன். சின்னப் பசங்க கை வெச்சிருக்கும்னுதான் நெனைச்சேன்.

அண்ணி வாசல்படியில வந்து நின்னாங்க. "உங்க அண்ணன்தாம்மா. விடிகாலையில எழுந்து குளிச்சிட்டு உக்காந்தாரு. பல் குத்தற குச்சியால ஒண்ணு ஒண்ணா வெச்சிக்கினு இருந்தாரு. காபி குடிக்கக்கூட எழுந்திருக்கலை. ஆயுதத்துக்குப் பொட்டு வெக்காம விடலாமான்னாரு."

பின்னாடி அவன் வந்து நின்னான். எனக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியலை.

"உனக்கு அறிவு இருக்காடா?"

அண்ணி வாயில கையை வெச்சிக்கினாங்க. அவனுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவன் மூஞ்சியைப் பார்த்து நான் சொன்ன மொத வார்த்தை இதுதான். அண்ணனை ஜென்மத்துக்கும் நான் 'டா' போட்டதில்ல.

"ஆயுதம்தானே, பொட்டு வெச்சேன்"ன்னான் மெதுவா.

"பெயிண்டுல குங்குமம் ஊறுமேன்னு தெரியாது? மெக்கானிக்குதானே நீ? வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சவன்தானே?"

"நல்லது பண்றதா நெனைச்சு..."

"என்ன நல்லது? நாளைக்கு மேஜையை எடுக்கப் போற. மூட்டை கட்டி அனுப்பப் போறதுக்கு எதுக்குப் பொட்டு? பொணத்துக்கா வெக்கிற? எடுக்கறதுக்கு முன்னாடி குளிப்பாட்டி, பொட்டு வெச்சு, படுக்க வெக்கறியா?"

சொன்னதும் எனக்கே தூக்கிப் போட்டுச்சு. வந்தது வந்துச்சு, இனிமே நிறுத்த முடியாது.

"அப்பாவுக்கும் நீயேதானே வெச்ச? நான் வெச்சனா? ஒரு பிடி அரிசி போட்டனா? மேல்மருவத்தூர்லேருந்து தொண்டை கிழியக் கத்தினேன், வந்துக்கினே இருக்கேன், எடுத்துடாதீங்கன்னு. ஒரு மணி நேரம் உனக்கு என்ன போச்சு? சொல்லு. இன்னைக்கு நீ சொல்லித்தான் ஆகணும்."

அவன் என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும்னு நெனைச்சிருந்தேன். ஐஸ் பெட்டி வேலை செய்யலைம்பான். பொழுது எறங்கிடுச்சும்பான். போன் வந்ததே தெரியாதும்பான். ஒவ்வொண்ணுக்கும் பதில் வெச்சிருந்தேன். அளந்து வெச்சிருந்தேன் பதிலை. விழுப்புரம் திண்டிவனம் பஸ்ஸுல போகவர அதுதானே எனக்கு வேலை.

"பெரியப்பா எடுக்கச் சொன்னாரு"ன்னான். "பொண்ணுதானே, காரியத்துக்கு வந்துக்கட்டும்னாரு. எல்லாரும் ஆமாம்னாங்க. நீ வந்துக்கினு இருக்கேன்னு எனக்குத் தெரியும். போன் பண்ணினப்போ நான் பக்கத்துலதான் நின்னேன்."

"அப்புறம்?"

"நான் வாயைத் தொறக்கலை."

"ஏன் தொறக்கலை?"

"பயம்."

"யாருகிட்ட பயம்?"

"தெரியலை. எல்லாருகிட்டயும். பயந்துட்டேன் பாப்பா."

பாப்பாவாம். தலைக்கு டை அடிக்கிற பொம்பளையைப் பார்த்து பாப்பாவாம். எனக்கு அந்த டேபிள் ஃபேனைத் தூக்கி அவன் தலையில போடணும் போல இருந்துச்சு. கொள்ளி வெக்க வேண்டியவன் அவன். அவன் "இருங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எந்தப் பெரியப்பனும் தூக்கியிருக்க முடியாது. பயந்தானாம். இத்தனை பதிலை வெச்சிருந்தேனே, பயந்துட்டேன்னு சொல்றவனுக்கு என்ன பதில் சொல்றதுன்னு ஒண்ணுகூட வெச்சிக்கலையே நான்.

"கோழை"ன்னேன். "வெளங்காதவன். அப்பா பேரைச் சொல்ல லாயக்கு இல்லாதவன்."

"ஆமா"ன்னான்.

அந்த "ஆமா" இன்னும் எரிச்சலைக் கெளப்பிச்சு. எதிர்த்துச் சண்டை போட்டா நானும் போடலாம். அண்ணி, "பண்டிகை நாள்ல என்னம்மா இது"ன்னு அழ ஆரம்பிச்சாங்க. "நீங்க சும்மா இருங்க அண்ணி"ன்னு அவங்க மேலயும் பாய்ஞ்சேன். பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க, அன்னைக்கு வாளியைக் கையில குடுத்தா கழுவித்தானே ஆகணும்.

வாசல்ல எவனோ வண்டிக்குப் பூஜை போட்டுக் கெளம்பற சத்தம். சக்கரத்துக்குக் கீழ எலுமிச்சம்பழம் நசுங்கற வாசனை உள்ள வரைக்கும் வந்துச்சு. நான் ஒவ்வொரு சிப்பாயா எடுத்துப் பஞ்சுல சுத்திப் பெட்டியில வெச்சேன். தொடைக்கலை. தொடைச்சா பெயிண்டும் சேர்ந்து வந்துடும். அவன் எதிர்ப்பக்கம் வந்து நின்னு, பஞ்சை ஒவ்வொரு துண்டாப் பிச்சு என் பக்கம் நகர்த்தினான். எடுத்துச் சுத்தினேன்.

அப்பத்தான் கேட்டேன். இத்தனை வருஷமா என் நெஞ்சுல மொதல்ல இருந்த கேள்வி அதுதான், வாய்க்கரிசி எல்லாம் அதுக்கப்புறம்தான்.

"அப்பா கடைசியில என்னைக் கேட்டாரா?"

அவன் பஞ்சைக் கையில வெச்சிக்கினு நின்னான். அண்ணி அவன் பின்னாடி நின்னுக்கினு, சொல்லுங்க, சொல்லுங்கன்னு தலையை ஆட்டினாங்க. கேட்டாருன்னு சொல்லுங்கறாங்க. எனக்குத் தெரியாதா அது.

"கேக்கலை"ன்னான். "என்னையும் கேக்கலை. காலையிலேருந்து யாரையும் தெரியலை அவருக்கு. தண்ணி கேட்டாரு, குடுத்தேன். அவ்வளவுதான்."

பொய்யாவாவது கேட்டாருன்னு சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. என் மனசு ஆறியிருக்கும். அதுகூடத் தெரியாத ஜடம். நான் சேர்ல உக்காந்து முந்தானையை வாயில அடைச்சிக்கினு அழுதேன். அழுதுக்கினே ஒண்ணு தோணுச்சு. இவன் இதுல பொய் சொல்லலைன்னா, பயந்துட்டேன்னு சொன்னதும் பொய் இல்ல. அன்னைக்கு அத்தனை ஆம்பளைங்க நடுவுல இவன் வாயை மூடிக்கினு நின்ன எடம் எனக்குத் தெரிஞ்சுது. மன்னிக்கலை. இப்பவும் மன்னிக்கலை. ஆனா நம்பினேன்.

பெட்டியை மூடிக் கையில எடுத்துக்கினேன். வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பினேன்.

"மேஜையை எடுக்கத்தான் போறியா?"

"எடுத்துத்தான் ஆகணும். திங்கக்கிழமை வண்டி எறங்குது."

"அப்போ நான் எதுக்கு வர்றது இங்க? விளையாட்டு இல்ல, மேஜை இல்ல. ஞாயித்துக்கிழமை உன் மூஞ்சியைப் பார்க்கறதுக்கா பஸ் ஏறி வரணும்?"

அவன் கையில ஒட்டிக்கினு இருந்த பஞ்சைப் பிச்சிக்கினு இருந்தான். அப்புறம் என்னை நேராப் பார்த்தான்.

"சண்டை போட வா"ன்னான். "இன்னும் இருக்குதில்ல, கேக்க வேண்டியது?"

"நிறைய இருக்கு"ன்னேன்.

"அப்போ வா. சோறாக்கச் சொல்றேன்."